தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளில் காந்தத்துக்கு என்ன வேலை?

மார்த்தாண்டத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் என் அண்ணன் மகள் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, காந்தம் வந்தால் மீக்கடத்தும் திறன் செத்துப்போகும் என்று ஒரு பாடத்தில் இருக்கிறது. அடுத்த பாடத்திலேயே, தாமிர ஆக்சைடு மீக்கடத்திகள் எல்லாம் காந்தப் பொருள்களில் இருந்து பிறப்பவை என்று இருக்கிறது. இரண்டும் எப்படிச் சரியாகும்? அப்புறம், எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் செய்கிற மாதிரி இதில் ஒரு ப்ராஜெக்ட் சொல்லுங்கள்."

போனில் சொல்லித் தீராது மக்கா. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இதே சந்தேகம் வேறு பிள்ளைகளுக்கும் இருக்கும் என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன். மீக்கடத்தி என்றால், போதிய அளவு குளிர்வித்ததும் மின்தடை துளியும் இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். எந்த வெப்பநிலைக்குக் கீழே அப்படி ஆகிறதோ அதுதான் அதன் மாறுநிலை வெப்பநிலை.

முதலில் நேரான பதில். இரண்டு பாடமும் சரிதான். காந்தம் என்ற ஒரே சொல்லுக்குள் பல விஷயங்களைப் போட்டுக் கட்டி வைத்திருப்பதால்தான் குழப்பம் வருகிறது. எந்த அணுவில் இருக்கிற காந்தம், மின்சாரம் ஓடும் பாதையிலேயே இருக்கிறதா ஓரமாக இருக்கிறதா, ஒரே நிலையில் உறைந்து கிடக்கிறதா துடித்துக்கொண்டே இருக்கிறதா என்று பிரித்துக் கேட்டால் முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும். முழுவதும் அவிழாது. அது எங்கே என்று பிறகு சொல்கிறேன்.

நம் ஊர் மணலில் இருந்தே தொடங்கலாம். மணவாளக்குறிச்சி அருமணல் ஆலை உனக்குத் தெரியும். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து கப்பலில் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துவிட்டு அதில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் (நம் பக்கமெல்லாம் அப்போது திருவிதாங்கூர்தான்). அந்த மோனசைட்டுக்குள் தோரியத்தோடு லாந்தனம், சீரியம், நியோடிமியம் எல்லாம் இருக்கின்றன. ஆலையில் மணலைக் காந்தத்தைக் காட்டித்தான் பிரிக்கிறார்கள். இல்மனைட் சட்டென்று இழுபடும், மோனசைட் கொஞ்சமாக இழுபடும், சிர்க்கானும் ரூட்டைலும் அசையாது. மோனசைட் இழுபடுவதற்குக் காரணம் சீரியம், நியோடிமியம் போன்ற அயனிகளுக்குள் ஜோடி சேராமல் இருக்கும் எலக்ட்ரான்கள். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். லாந்தனம் அயனியில் மட்டும் அப்படி ஒன்றும் கிடையாது. ஒரே மணல்துகளுக்குள் காந்தம் உள்ள அணுவும் காந்தம் இல்லாத அணுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள், இந்த இரண்டும் கடைசிவரை வரும்.

லாந்தனம் உலோகம் சுமார் 6 கெல்வினில், அதாவது மைனஸ் 267 டிகிரி செல்சியஸில், மீக்கடத்தியாகும். 1958-ல் பெல் ஆய்வகத்தில் மத்தியாஸும் அவருடைய கூட்டாளிகளும் லாந்தனத்தில் வேறு அருமண் தனிமங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்த்தார்கள். நூற்றுக்கு ஒரு அணு கடோலினியம் போதும், மீக்கடத்தும் திறன் கிட்டத்தட்ட முழுவதும் போய்விடும். கடோலினியத்தில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7. உன் முதல் பாடம் சொல்வது இதைத்தான்.

ஏன் அப்படி? சாதாரண மீக்கடத்தியில் எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து ஓடுகின்றன. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957-ல் சொன்ன விளக்கம் அது. ஒரு எலக்ட்ரான் ஓடும்போது அயனிகள் அதன் பக்கம் லேசாகச் சாய்கின்றன, அந்தச் சாய்வு நிமிர்வதற்குள் இன்னொரு எலக்ட்ரான் அங்கே ஈர்க்கப்படுகிறது. எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம், அது பார்க்கும் திசையைத்தான் ஸ்பின் என்கிறோம். இப்படிச் சேரும் கூப்பர் இணையில் ஒன்றின் ஸ்பின் மேலே, மற்றதன் ஸ்பின் கீழே. நடுவில் ஒரு கடோலினியம் அணு நின்றால் அது ஒரு எலக்ட்ரானின் ஸ்பின்னைப் பிடித்துத் திருப்பிவிடும். இரண்டும் ஒரே பக்கம் பார்த்தால் இணை உடையும். வெளியில் இருந்து வைக்கும் பெரிய காந்தமும் வேறு வழியில் இதையே செய்யும். காந்தம் இல்லாத மாசு அணு வந்தால் எலக்ட்ரானின் பாதை மாறும், அவ்வளவுதான். இணைக்குப் பெரிய சேதம் இல்லை. இதை ஆண்டர்சன் 1959-ல் காட்டினார்.

மீக்கடத்தி தேடுகிறவர்களுக்கு மத்தியாஸ் சொல்லிக்கொடுத்த விதிகள் ரொம்பப் பிரசித்தம். காந்தத்தின் பக்கம் போகாதே, ஆக்ஸிஜன் பக்கம் போகாதே, மின்காப்புப் பொருள் பக்கம் போகாதே. 1986-ல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ஸும் மியுல்லரும் கண்டுபிடித்த லாந்தனம் பேரியம் காப்பர் ஆக்சைடு இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் மீறியது. அது 30 கெல்வினுக்கும் மேலே மீக்கடத்தியது. மறுவருடமே இருவருக்கும் நோபல் பரிசு. அதே 1987-ல் அமெரிக்காவில் வூ, சூ இருவரின் குழுக்களும் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடில் 90 கெல்வினைத் தாண்டினார்கள். அதாவது திரவ நைட்ரஜன் போதும். மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிறவர் பைக்கில் கட்டிக்கொண்டு வருவாரே ஒரு கேன், அதற்குள் இருப்பது அதே 77 கெல்வின் நைட்ரஜன்தான்.

சரி, விஷயத்துக்கு வருவோம். எதையும் கலக்காத லாந்தனம் காப்பர் ஆக்சைடை எடுத்துக்கொள். அதில் தாமிரமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த தட்டையான அடுக்குகள் உண்டு, அவற்றுக்கு நடுவே லாந்தனம் ஆக்சைடு அடுக்குகள். ஒவ்வொரு தாமிர அயனியிலும் ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்று. பழைய கணக்குப்படி இது நல்ல உலோகமாக இருக்க வேண்டும். ஆனால் மின்சாரம் ஓடாது. ஏன் என்றால், களியக்காவிளை பஸ்ஸில் எல்லா இரட்டை இருக்கையிலும் ஒவ்வொருவர் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருக்கும் யார் பக்கத்திலும் உட்காரப் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள். இடம் பாதி காலிதான், ஆனாலும் ஒருவராலும் இடம் மாற முடியாது. எலக்ட்ரான்களுக்கு ஒன்றையொன்று பிடிக்காத அளவு அவ்வளவு அதிகம். மாட் மின்காப்புப் பொருள் என்று படித்திருப்பாயே, அது இதுதான். (தாமிர ஆக்சைடில் ஆக்ஸிஜனின் எலக்ட்ரான்களும் கணக்கில் வரும், கதை கொஞ்சம் மாறும். இங்கே அதை விட்டுவிடுகிறேன்.)

இடம் மாற முடியாவிட்டாலும் ஒரு கணம் பக்கத்து இருக்கைக்குத் தாவிவிட்டு உடனே திரும்பி வரலாம். குவாண்டம் இயற்பியல் அதை அனுமதிக்கும், அதில் கொஞ்சம் ஆற்றலும் குறையும். ஆனால் பவுலி விதிப்படி ஒரே இடத்தில் ஒரே ஸ்பின் உள்ள இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. அதனால் பக்கத்து எலக்ட்ரானின் ஸ்பின் எதிராக இருந்தால்தான் இந்தத் தாவல் நடக்கும். அந்த ஆற்றல் லாபத்துக்காகவே பக்கத்துப் பக்கத்துத் தாமிரங்கள் எதிரெதிர்த் திசையில் நிற்கப் பார்க்கின்றன. நடுவில் இருக்கும் ஆக்ஸிஜன் வழியாக நடப்பதால் இதற்கு மீப்பரிமாற்றம் என்று பெயர். அதன் வலு சுமார் 130 மில்லி எலக்ட்ரான் வோல்ட், வெப்பநிலையில் சொன்னால் ஏறத்தாழ 1500 கெல்வின். ரொம்பப் பெரிய எண் இது. சாதாரண மீக்கடத்தியில் இணையைச் சேர்க்கும் அயனி அதிர்வுகளின் ஆற்றல் பெரும்பாலும் இதைவிட நன்றாகக் குறைவு.

இப்படி மேல், கீழ், மேல், கீழ் என்று இரண்டு திசையிலும் மாறி மாறி நிற்கும் அடுக்கைப் பார்க்க வேண்டும் என்றால் வீட்டில் இருக்கும் ஓலைப்பாயைப் பார். ஒரு ஓலை மேலே, அடுத்தது கீழே, எந்தப் பக்கம் போனாலும் அதே ஒழுங்கு. எதிர் ஃபெர்ரோ காந்தம் என்பது அந்தப் பாய்தான். மொத்தமாகக் கூட்டினால் பூஜ்யம் என்பதால் வெளியில் இருந்து காந்தத்தைக் காட்டினால் ஒட்டாது. நியூட்ரான்களை அனுப்பிப் பார்த்தால்தான் தெரியும், ஏனென்றால் நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம். 1987-லேயே அப்படிப் பார்த்துவிட்டார்கள். லாந்தனம் காப்பர் ஆக்சைடில் இந்த ஒழுங்கு சுமார் 325 கெல்வின் வரை, அதாவது 50 டிகிரி செல்சியஸ் வரை நிற்கும். நாகர்கோவில் சித்திரை வெயிலில் வைத்தாலும் அது எதிர் ஃபெர்ரோ காந்தம்தான்.

இப்போது லாந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு ஸ்ட்ரான்ஷியம் போடு. ஸ்ட்ரான்ஷியம் ஒரு எலக்ட்ரான் குறைவாகத் தரும், அதனால் தாமிர அடுக்கில் துளை விழும். அதாவது பஸ்ஸில் ஒரு முழு இருக்கை காலியாகிறது. இனி பக்கத்தில் இருப்பவர் நகரலாம், மின்சாரம் ஓடத் தொடங்கும். ஆனால் நகர்கிற ஒவ்வொருவரும் தன் ஸ்பின்னையும் கூடவே கொண்டுபோகிறார். மேலே பார்க்க வேண்டிய இடத்தில் கீழே பார்க்கிறவர் வந்து உட்காருகிறார். துளை போன வழியெல்லாம் பாயின் பின்னல் கலைகிறது. 2 சதவீதம் துளை போதும், நெடுந்தூர ஒழுங்கு போய்விடும். 5, 6 சதவீதம் வந்ததும் மீக்கடத்தும் திறன் எட்டிப் பார்க்கும். 16 சதவீதத்தில் 38 கெல்வின், அதுதான் இந்தப் பொருளின் உச்சம். 27 சதவீதம் தாண்டினால் அதுவும் போய் சாதாரண உலோகம் போல ஆகிவிடும்.

இதை ஏட்டில் படிப்பது வேறு, கையால் செய்து பார்ப்பது வேறு. ஆய்வு மாணவனாக இருந்தபோது இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வில்லை செய்யும் வேலை என்னுடையது. இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் அகேட் குழியில் போட்டு மணிக்கணக்காக அரைக்க வேண்டும். 900 டிகிரிக்கு மேல் சுட்டு, மறுபடி அரைத்து, வில்லையாக அழுத்தி, மறுபடி சுட்டு, கடைசியில் ஆக்ஸிஜன் ஓட்டத்தில் 450 டிகிரியில் நெடுநேரம் வைத்து மெதுவாக ஆற விட வேண்டும். அளவு தப்பினால் வில்லையில் பச்சை நிறம் தட்டும். அது வேறு சேர்மம், மீக்கடத்தாது. என் முதல் இரண்டு வில்லைகள் பச்சை. மூன்றாவது நல்ல கறுப்பு. ஆனால் ஆக்ஸிஜன் கட்டத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது, சின்ன உலை என்பதால் சடசடவென்று ஆறிவிட்டது. மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளும், அதனால் காந்தம் அதன் மேல் மிதக்கும். அதைப் பார்க்க, மறுநாள் நைட்ரஜனில் போட்டு மேலே காந்தத் துண்டை வைத்தேன். அப்படியே உட்கார்ந்துவிட்டது, மிதக்கவில்லை. அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. வழிகாட்டி கோபப்படாமல், அதே வில்லையை மறுபடி உலையில் வைத்து ராத்திரி முழுக்க ஆக்ஸிஜன் கொடு என்றார். அடுத்த நாள் காலையில் அதே கறுப்பு வில்லை, அதே நைட்ரஜன், காந்தம் நெல்மணி உயரத்துக்கு எழும்பி நின்றது.

அந்த ராத்திரியில் மாறியது ஆக்ஸிஜன் அளவு மட்டும்தான். இந்தப் பொருளில் மூன்று தாமிரத்துக்கு ஆக்ஸிஜன் 6-க்கும் 7-க்கும் நடுவில் எங்கேயும் நிற்கலாம். 6-ல் அது எதிர் ஃபெர்ரோ காந்தம், மின்காப்புப் பொருள். அதன் ஒழுங்கு 400 கெல்வின் வரை தாங்கும். 7-க்குப் பக்கத்தில் 90 கெல்வினைத் தாண்டிய மீக்கடத்தி. நடுவில் நின்றால் 60 கெல்வின் பக்கம், அதனால்தான் என் வில்லை 77-ல் வேலை செய்யவில்லை. உள்ளே போகும் ஒவ்வொரு ஆக்ஸிஜனும் தாமிர அடுக்கில் இருந்து எலக்ட்ரானைப் பிடுங்கித் துளை உண்டாக்குகிறது. ஒரே வில்லையை உலைச் சூட்டை மட்டும் மாற்றிக் காந்தமாகவும் மீக்கடத்தியாகவும் மாற்றி மாற்றி எடுக்கலாம் என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய ஆச்சரியம்.

இங்கே நீ கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, காந்தம் போனதால் மீக்கடத்தியா, காந்தம் உருமாறியதால் மீக்கடத்தியா என்பது. ஒழுங்கு கலைந்தது என்றால் காந்தமே போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. துளைகள் ஓடியாடும்போதும் பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரான்கள் எதிரெதிராக நிற்கத்தான் பார்க்கின்றன. அந்த 1500 கெல்வின் வலு எங்கேயும் போகவில்லை. ஒரு இடத்தில் நிலையாக நிற்பதில்லை, அவ்வளவுதான். சின்னச் சின்ன இடத்தில், சின்னச் சின்ன நேரத்துக்குப் பாய் பின்னப்படுகிறது, கலைகிறது, மறுபடி பின்னப்படுகிறது. 2011-ல் எக்ஸ்கதிர்ச் சிதறலில் பார்த்தபோது, நன்றாக மீக்கடத்துகிற கலவைகளிலும் காந்த அலைகள் ஏறத்தாழ மின்காப்புப் பொருளில் இருந்த அதே வலுவோடு இருந்தன. நான் இதைத்தான் உறைந்த காந்தம், உயிருள்ள காந்தம் என்று பிரித்துச் சொல்கிறேன். உறைந்தால் மீக்கடத்தலுக்குப் போட்டி. துடித்துக்கொண்டிருந்தால் அதுவே துணையாக நிற்கிறது என்றுதான் பெரும்பாலான சான்றுகள் காட்டுகின்றன.

உறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. பெட்நோர்ஸ், மியுல்லர் கண்டுபிடித்த அதே பேரியம் கலவையில் துளையின் அளவு எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம் வரும் இடத்தில் மட்டும் மாறுநிலை வெப்பநிலை தடாலென்று 4 கெல்வின் பக்கத்துக்கு விழும். இரண்டு பக்கமும் 30-ஐ ஒட்டி, நடுவில் ஒரு பள்ளம். 1995-ல் டிரான்குவாடாவும் குழுவினரும் இதற்கு நெருங்கிய உறவான ஒரு பொருளில் நியூட்ரான் வைத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. துளைகள் எல்லாம் வரிவரியாக ஒதுங்கி நிற்கின்றன, வரிகளுக்கு நடுவில் காந்த ஒழுங்கு நிலையாக உறைந்துவிடுகிறது. வயலில் வரப்பும் நடவும் போல. ஆனால் இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது. 2007-ல் அதே 12.5 சதவீதப் படிகத்தை நுணுக்கமாக அளந்தபோது, ஒவ்வொரு தாமிர அடுக்கும் தனித்தனியாக 40 கெல்வின் பக்கத்திலேயே மீக்கடத்தத் தொடங்குவதும், அடுக்குக்கு அடுக்கு கைகோக்க முடியாமல்தான் முழுப் படிகமும் மீக்கடத்தியாகவில்லை என்பதும் தெரியவந்தது. உறைந்த காந்தம்கூட இணைகளை முழுவதும் கொல்லவில்லை. கொல்லும் என்ற சொல்லையே கவனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

வெளிக்காந்தம் வைத்தாலும் இப்படி ஒரு வினோதம் நடக்கும். காந்தப்புலம் இந்தப் பொருள்களுக்குள் மெல்லிய சுழல்களாகத்தான் நுழையும், ஒவ்வொரு சுழலின் நடுவிலும் மீக்கடத்தல் இருக்காது. சாதாரண மீக்கடத்தியில் அந்த நடுப்பகுதி வெறும் உலோகம். லாந்தனம் ஸ்ட்ரான்ஷியம் கலவையில், குறிப்பாகத் துளை குறைவாக உள்ள படிகங்களில், புலத்தை ஏற்றினால் எதிர் ஃபெர்ரோ ஒழுங்கு வலுப்பதை நியூட்ரான் சோதனைகள் காட்டின. மீக்கடத்தல் விலகிய இடத்தில் பழைய பாய் மறுபடி விரிகிறது. இரண்டும் அவ்வளவு பக்கத்தில், ஒரு சின்ன ஆற்றல் வித்தியாசத்தில் நிற்கின்றன.

அடுத்தது துத்தநாகம். எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை இதுதான். தாமிர அடுக்கில் நூற்றுக்கு ஒரு தாமிரத்தை எடுத்துவிட்டுத் துத்தநாகம் வை. துத்தநாக அயனியில் எல்லா எலக்ட்ரானும் ஜோடி சேர்ந்தவை, காந்தமே கிடையாது. அதனால் பழைய பாடப்படி ஒன்றும் ஆகக்கூடாது. இன்னொரு வில்லையில் நிக்கல் வை. அது காந்தம் உள்ளது, அதனால் பழைய பாடப்படி நாசம் செய்ய வேண்டும். நடப்பது நேர்மாறு. இட்ரியம் சேர்மத்தில் 1 சதவீதம் துத்தநாகம் மாறுநிலை வெப்பநிலையைச் சுமார் 10 முதல் 12 கெல்வின் இறக்கிவிடும், நிக்கல் அதில் பாதிகூட இறக்காது. காரணம் பாயில் இருக்கிறது. நிக்கல் வந்தால் ஒரு ஓலைக்குப் பதில் வேறு நிற ஓலை, பின்னல் தொடரும். துத்தநாகம் வந்தால் அங்கே ஓலையே இல்லை, ஓட்டை. சுற்றியுள்ள நான்கு தாமிரங்களும் தம் கூட்டாளியை இழந்து, அவற்றைச் சுற்றி ஒரு புதிய காந்தம் முளைக்கிறது. அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் (ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையான முறை) அதை நேராகவே பார்த்திருக்கிறார்கள். காந்தம் இல்லாத அணுவைப் போட்டால் காந்தம் பிறக்கிறது என்றால், அங்கே இருந்த ஸ்பின்கள் எவ்வளவு இறுக்கமாகக் கைகோத்திருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்.

அந்தக் கைகோப்புதான் மீக்கடத்தலின் வேர் என்று 1987-லேயே ஆண்டர்சன் சொன்னார். பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் மேல்-கீழ் ஜோடியாகச் சேர்ந்து, யாரோடு யார் ஜோடி என்பது மாறிக்கொண்டே இருக்கும் ஒரு நிலை. பென்சீனில் இரட்டைப் பிணைப்பு இடம் மாறுவதாகப் படித்தாயே, அந்த மாதிரி. மின்காப்புப் பொருளிலேயே ஜோடிகள் தயாராக இருக்கின்றன, ஓட இடம் இல்லாமல்தான் நிற்கின்றன, துளை விழுந்ததும் அதே ஜோடிகள் கூப்பர் இணைகளாக ஓடத் தொடங்குகின்றன என்பது அந்த எண்ணம். இதைக் கணக்காக்கிய முதல் ஆய்வுகளில் ஒன்றை ஆண்டர்சனோடும் ஸௌவோடும் சேர்ந்து எழுதியவர் ஜி. பாஸ்கரன், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். இதை எங்கள் காலத்தில் வகுப்பில் யாரும் சொல்லித்தரவில்லை. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வழியில் யோசித்தவர்கள் ஸ்காலபினோவும் அவர் குழுவும். தாமிர ஆக்சைடு பரபரப்பாவதற்கு முன்பே, 1986-ல், எதிர் ஃபெர்ரோ காந்தத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பொருளில் ஸ்பின் துடிப்பே எலக்ட்ரான்களை இணைக்கும், ஆனால் அந்த இணையின் உருவம் வேறாக இருக்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உருவம் என்றால் என்ன? வாசலில் நிற்கும் தெச்சிப்பூவை எடுத்துப் பார், நான்கு இதழ். எதிரெதிர் இரண்டு இதழுக்குக் கூட்டல் குறி, குறுக்கே உள்ள இரண்டுக்குக் கழித்தல் குறி போடு. நடுவில் பூஜ்யம். இணையின் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே தாமிரத்தில் சேர்ந்து உட்காரவே மாட்டா, பக்கத்துத் தாமிரத்தில்தான் இருக்கும் என்பதைத்தான் அந்த நடுப் பூஜ்யம் சொல்கிறது. ஒன்றையொன்று பிடிக்காத எலக்ட்ரான்கள் எப்படி இணைகின்றன என்ற கேள்விக்கு இதைவிட அழகான பதில் எனக்குத் தெரியாது. விலகி இருந்துகொண்டே இணைகின்றன.

குறி மாறுகிறதா என்பதைச் சோதிக்க முடியும். 1994-ல் ஐபிஎம் ஆய்வகத்தில் சூயேயும் கர்ட்லியும் மூன்று படிகங்கள் வெவ்வேறு கோணத்தில் சந்திக்கும் இடத்தில் இட்ரியம் சேர்மத்தால் ஒரு வளையம் செய்தார்கள். சாதாரண மீக்கடத்தி வளையத்துக்குள் காந்தப் பாயம், அதாவது வளையத்தின் வழியாகப் போகும் காந்தப்புலத்தின் மொத்த அளவு, முழு அலகுகளில்தான் நிற்கும். இந்த வளையத்தில் சரியாக அரை அலகு நின்றது. சுற்றி வரும்போது ஒரு இடத்தில் குறி மாறினால் மட்டுமே அது நடக்கும். தெச்சிப்பூ உருவம் அதோடு பெரும்பாலும் உறுதியாகிவிட்டது. இதற்கும் முன்னால், 1991-ல், கிரெனோபிளில் ரோசா-மினோவின் குழு இட்ரியம் சேர்மத்தில் 41 மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் ஒரு காந்த உச்சத்தை நியூட்ரானால் பார்த்திருந்தது. மீக்கடத்தல் தொடங்கியதும் அது கூர்மையாக எழுகிறது. காந்தமும் மீக்கடத்தலும் ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாதவை என்றால் அது எழ வேண்டிய அவசியமே இல்லை.

2022-ல் இன்னொரு நல்ல சான்று வந்தது. பிஸ்மத் கலந்த தாமிர ஆக்சைடு ஒன்றில் தாமிரத்துக்கும் அதன் தலைக்கு மேல் இருக்கும் ஆக்ஸிஜனுக்கும் நடுவே உள்ள தூரம் இடத்துக்கு இடம் லேசாக மாறும். தூரம் மாறினால் மீப்பரிமாற்றத்தின் வலுவும் மாறும். சீமஸ் டேவிஸின் குழு நுண்முனை வைத்து அணு அணுவாக அளந்து, இணைகளின் அடர்த்தியும் கூடவே மாறுவதைக் காட்டியது. மாறிய அளவும் மீப்பரிமாற்றக் கோட்பாடு எதிர்பார்த்ததற்கு அருகில் இருந்தது.

ஆனாலும் கேஸ் முடிந்துவிட்டது என்று எழுதிவிடாதே. முழு அவிழாத முடிச்சு என்று முதலில் சொன்னேனே, இதுதான். அயனி அதிர்வுக்கும் பங்கு உண்டு என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் நல்ல அளவீடுகள் இருக்கின்றன. துளை குறைவாக உள்ள பக்கத்தில் மாறுநிலைக்கு வெகு மேலேயே எலக்ட்ரான் நிலைகளில் ஒரு பொய் இடைவெளி விழுகிறது. அது முன்கூட்டியே சேர்ந்த இணைகளா, வேறு ஏதோ ஒழுங்கா என்று முப்பது வருடத்துக்கும் மேலாக வாதம் நடக்கிறது. பஸ் இருக்கைக் கதையைக் கணிதமாக எழுதினால் அது ஹப்பர்டு மாதிரி. பார்க்க ஒரு வரிச் சமன்பாடு. அதைக் கணினியில் போட்டால் வரிவரியான காந்த ஒழுங்குக்கும் மீக்கடத்தலுக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்தான் வருகிறது. பக்கத்துத் தாமிரத்துக்கு மட்டும் தாவலாம் என்று வைத்தால் வரி ஜெயிக்கிறது, மூலைவிட்டத்திலும் தாவலாம் என்றால் மீக்கடத்தல் தலைதூக்குகிறது. காந்தத் துடிப்புதான் முக்கியப் பசை என்பது என் முடிவு. அதில் எனக்கு நல்ல நம்பிக்கை உண்டு. ஆனால் லாந்தனம் சேர்மத்தின் 38 கெல்வினும் இட்ரியம் சேர்மத்தின் 92-ம் பாதரசம் கலந்த சேர்மத்தின் 133-ம் ஏன் அந்தந்த எண்ணாக வருகின்றன என்பதை ஒருவராலும் இதுவரை முதல் கோட்பாட்டில் இருந்து எல்லோரும் ஏற்கிற மாதிரி கணக்கிட்டுச் சொல்ல முடியவில்லை.

கடோலினியத்தை மறந்துவிடவில்லை. லாந்தனத்தில் 1 சதவீதம் போட்டாலே நாசம் செய்த அதே அணு. இட்ரியம் சேர்மத்தில் இட்ரியத்தை முழுவதும் எடுத்துவிட்டு அத்தனை இடத்திலும் கடோலினியம் போடு. மாறுநிலை வெப்பநிலை 92 கெல்வின் பக்கத்திலேயே நிற்கும், ஒன்றும் ஆகாது. இன்னும் குளிர்வித்தால் 2.2 கெல்வினில் கடோலினியங்கள் தமக்குள் எதிர் ஃபெர்ரோ ஒழுங்கும் எடுத்துக்கொள்ளும், மீக்கடத்தல் பாட்டுக்கு நடக்கும். ஏனென்றால் கடோலினியம் இருப்பது தாமிர அடுக்குகளுக்கு நடுவில். எலக்ட்ரான் இணைகள் ஓடுவது அடுக்குக்குள். ரோட்டுக்கு ஓரமாக எவ்வளவு பெரிய ஆல மரம் நின்றாலும் பஸ் போகும், ரோட்டு நடுவில் நின்றால்தான் சிக்கல். எங்கே இருக்கிற காந்தம் என்று முதலில் பிரிக்கச் சொன்னது இதற்காக.

அப்புறம் மணல்துகளின் மற்ற ஆள், சீரியம். 1979-ல் ஸ்டெக்லிஷ் சீரியம், தாமிரம், சிலிக்கான் சேர்ந்த உலோகம் ஒன்று அரை கெல்வின் பக்கத்தில் மீக்கடத்துவதைக் கண்டார். அதில் சீரியத்தை எடுத்துவிட்டுக் காந்தம் இல்லாத லாந்தனத்தைப் போட்டால் மீக்கடத்தல் போய்விடுகிறது. மத்தியாஸ் சோதனைக்கு நேர் எதிர். 2008-ல் ஹோசோனோவின் குழு இரும்பிலேயே மீக்கடத்தி கண்டபோது அதன் தாய்ப்பொருளும் எதிர் ஃபெர்ரோ காந்தமாகத்தான் இருந்தது. எனவே இது தாமிரத்தின் தனி விசித்திரம் இல்லை.

இனி உன் ப்ராஜெக்ட். வில்லை மூன்று செய். ஒன்று சுத்த இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு, இரண்டாவதில் தாமிரத்துக்குப் பதில் 2 சதவீதம் துத்தநாகம், மூன்றாவதில் 2 சதவீதம் நிக்கல். துத்தநாக வில்லையின் மாறுநிலை 70-ஐ ஒட்டி இறங்கிவிடும், நிக்கல் வில்லை 80-க்கு மேல் நிற்கும், நைட்ரஜன் நடுவில் 77-ல் இருக்கிறது. அதாவது காந்தம் இல்லாத அணுவைப் போட்ட வில்லையின் மேல் காந்தம் மிதக்காது, காந்தம் உள்ள அணுவைப் போட்டதன் மேல் கொஞ்சம் தாழ்வாகவாவது மிதக்கும். பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். நான்குமுனை மின்தடை அளவீடும் சேர்த்து வைத்தால் தேர்வாளர் கேட்கும் கேள்விக்குக் கையில் எண் இருக்கும். பேரியம் கார்பனேட் விஷம், அரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடாமல் உட்காராதே. மூன்று வில்லையையும் ஒரே உலையில், ஒரே நேரத்தில், ஆக்ஸிஜன் ஓட்டத்தில் மெதுவாக ஆற விடு. நடுவில் கரண்ட் போனால் மூன்றையும் திரும்பவும் முதலில் இருந்து ஆக்ஸிஜனில் வை. இல்லாவிட்டால் காந்தம் மிதக்காமல் போனது துத்தநாகத்தாலா ஆக்ஸிஜன் குறைவாலா என்று உன்னால் சொல்ல முடியாது.